எந்தச் சாக்கு?

பெங்களூரில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், ஒவ்வொருவரும் அடுத்தவருடைய பாஷையில்தான் பேசுவார்கள். மரியாதைக்காகச் செய்வது அது. விவேக் நகரில் எங்கள் தெரு முனையில் பழக்கடை வைத்திருப்பவரிடம் ஆறு வருடம் கன்னடத்தில் வாழைப்பழம் கேட்டு வாங்கினேன். அவரும் கன்னடத்திலேயே சீப்பைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். ஒரு நாள் அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்து, "எம்மா, ஆம்பூர்ல பஸ் ஏறிட்டியா?" என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளும் கன்னடத்தில்தான் பழம் வாங்கினேன். ஆறு வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றிக்கொண்டால் அவர் என்ன நினைப்பார்?

எனக்குக் கூச்சம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும். படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாக வாசிப்பேன். எடைக்கு வரும் பழைய பத்திரிகைகளை வாசித்து வாசித்தே எழுதவும் பழகிக்கொண்டேன். கன்னடம் பேச வரும், எழுத்து தெரியாது. இருபத்து நாலு வருடமாக சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சாக்குக் கிடங்கில் வேலை. பழைய சாக்குகளைத் தரம் பிரித்து, கிழிந்ததைக் கோணி ஊசியால் தைத்து, கட்டுக் கட்டாக மண்டிகளுக்கு அனுப்புவோம்.

திருப்பத்தூரிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. பரிமாறுகிறவர் ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டு, "சாக்கா?" என்று கேட்டார். சாக்குக் கடை ஆளா என்று விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "ஆமா" என்று தலையாட்டினேன். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே ஒரு கரண்டி. சாக்குக் கடை ஆட்களுக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பினேன். ஏழாவது நாள் எங்கள் கிடங்கிலேயே வேலை செய்யும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடமும் "சாக்கா?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். இவர் கூசாமல் "இல்ல" என்றார். இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது. ஒரு பிடி சோற்றுக்காகத் தொழிலையே மறைக்கிறாரே என்று அவர்மேல் எனக்கு ஒரு கசப்பு. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தமாம். அவர் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலத்துக்குள் கிடங்கில் உள்ள எல்லாருக்கும் என் கதையைச் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் என் பெயரே 'சாக்கா ஆமா'.

அந்தச் சொல்லிடம் இனி ஏமாற மாட்டேன் என்று நினைத்திருந்தேன். போன வருடம் மறுபடி ஏமாந்தேன். இந்த முறை பட்டினி கிடக்கப் பார்த்தது என் மகளின் படிப்பு.

ஜெனிக்குப் பதினொரு வயது. நாலு வயதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு பஸ்ஸின் கன்னடப் போர்டை வாசித்தாள். அதுவரை நம்பரை வைத்து பஸ் ஏறிக்கொண்டிருந்த நான் அன்றிலிருந்து அவளை வைத்து ஏறினேன். ஏழு வயதில் அவளுடைய அம்மா ஸ்டெல்லாவின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த ஓர் அச்சுப் பிழையைக் கண்டுபிடித்தாள். "அதனாலதான் எனக்கு அந்தக் கணக்கு வரல" என்றாள் ஸ்டெல்லா. தெருவில் எல்லாரும் "மூளைக்காரி" என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் பலகாரத்துக்கு முன்னால் இவளிடம் ஒரு பெருக்கல் கேட்பார்கள்.

ஆனால் எங்கள் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும். சதுரங்கப் பலகை: பதினோரு நாள் விளையாடினாள், தெருவில் எல்லாரையும் ஜெயித்தாள், பன்னிரண்டாம் நாள் காக்ஸ் டவுனிலிருந்து வந்த அவளுடைய மாமாவிடம் தோற்றாள், பலகை பரண் ஏறிவிட்டது. சின்ன கீபோர்டு: வலது கை ஒரே வாரத்தில் வந்தது, இடது கை கூடச் சேர மாட்டேன் என்றது, அதுவும் பரணில். பூத்தையல் சட்டம், நீச்சல் கண்ணாடி, பாதி ஒட்டிய காகிதக் கப்பல். தானாக வந்ததெல்லாம் கீழே இருக்கிறது, வர மறுத்ததெல்லாம் மேலே. "பெரிய ஆளானா இவளுக்கு வீடு பத்தும், பரண்தான் பத்தாது" என்பாள் ஸ்டெல்லா.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சர் ஒரு விவரம் சொன்னார். காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில், ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் சுமா மேடம், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பரீட்சை வைத்தார்கள்; ஜெனி முதலாவதாக வந்தாள். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். பிள்ளை தானாக உட்கார்ந்து செய்தால் பத்தாம் வகுப்புவரை அந்த இடம் அவளுக்கு. இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்கு. எதையும் எங்களிடம் கேட்காத ஜெனி இதைக் கேட்டாள். "டாடி, அங்க யாரும் என்னைப் பெருக்கல் கேக்கல. அவங்களுக்கே எல்லாம் தெரியுது. எனக்கு அங்கதான் போகணும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார். நான் அவருக்காகக் கன்னடத்தில் பதில் சொன்னேன்.

"உங்க பொண்ணு தும்ப ஜாணெ" என்றார். தும்ப என்றால் ரொம்ப. ஜாணெ என்றால் கெட்டிக்காரி. "ஆனா கணக்கு கொஞ்சம் கஷ்டம் ஆச்சுன்னா சாக்கு சொல்றா. எல்லாத்துக்கும் சாக்கு. வீட்டுல நீங்க கொஞ்சம் பாக்கணும்."

"ஹௌது மேடம், நானு நோட்கொள்த்தீனி" என்றேன். ஆமாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

அவர் கன்னடத்திலேயே சொல்லியிருந்தால் எனக்குச் சரியாகப் புரிந்திருக்கும். தமிழில் சொன்னதால் தமிழாகவே கேட்டுக்கொண்டேன். என் மகள் சாக்குப்போக்கு சொல்கிறாளா? பஸ்ஸில் வரும்போதே எனக்குக் கோபம். சாக்கு சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை என்னென்ன சாக்கு சொல்லும் என்று உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு வழியாக அடைத்தேன். ஆறு பென்சில் சீவி வைத்தேன். தண்ணீர் பாட்டிலை மேஜை மேலேயே வைத்தேன். பல்பை மாற்றினேன். வயிற்றுவலிக்கு ஓமவாட்டர் தயாராக இருந்தது. அந்த நாட்களில் ஸ்டெல்லாவுக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியில் சாயங்கால ஷிப்ட், எட்டு மணிக்குத்தான் வருவாள். ஆறு மணிக்கு ஜெனி கணக்கோடு உட்காருவாள். பத்து நிமிஷம் நோட்டைப் பார்ப்பாள். அப்புறம் ஜன்னலைப் பார்ப்பாள். நான் விடாமல், கிண்டலாக, "என்ன, இன்னைக்கும் சாக்கா?" என்பேன்.

"ம், சாக்கு டாடி" என்று நோட்டை மூடிவிடுவாள். முகத்தில் எவ்வளவு நிம்மதி.

சாக்கு சொல்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், சாக்குதான் என்று ஒப்புக்கொண்டு எழுந்து போகிற பிள்ளையைப் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் சொல்லும் சாக்கு எனக்குத் தெரியும். நோட்டின் முன்னால் சொல்வதும் அதேதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. மேடம் சொன்ன சொல் காதில் அப்படி உட்கார்ந்துவிட்டது. அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. குற்றத்தை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறவளை என்னவென்று திட்டுவது? மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது சனிக்கிழமை மேடம் வாசல்வரை வந்து, "ஒரே கணக்கு, மூணு வாரமா அப்படியே இருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம். அப்புறம் நான் வேற பிள்ளைக்கு சொல்லணும்" என்றார். ஜெனி தரையைப் பார்த்தபடி நின்றாள். பஸ்ஸில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஐந்து வயதுக்கு அப்புறம் அவள் அப்படிச் செய்ததில்லை.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவுக்கு லீவு. ஆறு மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. பத்து நிமிஷம் நோட்டு, ஜன்னல், என் கேள்வி, அவள் பதில். அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, படிக்கிற புள்ளைய நீங்களே போதுமா போதுமான்னு கேட்டு எழுப்பி விடுறீங்களே, இது என்ன புதுப் பழக்கம்?"

"நான் எங்க போதுமான்னு கேட்டேன்? இன்னைக்கும் சாக்கு சொல்றியான்னு கேட்டேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அந்தச் சாக்கு இல்ல. நம்ம சாக்கு."

ஸ்டெல்லா பெங்களூரில் பிறந்தவள். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் அவளுக்கு ஒரே வாக்கியத்தில் வரும். என்னையும் ஜெனியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். "இருபத்து நாலு வருஷம் சாக்குலேயே பொழச்ச மனுஷனுக்கு எது எந்தச் சாக்குன்னு தெரியல" என்றாள். ஜெனிக்கு விஷயம் புரிந்தபோது அவள் சிரிக்கவில்லை. "அப்போ தினமும் நீங்க என்னைத் திட்டினீங்களா, டாடி? நீங்க எனக்கு பர்மிஷன் குடுக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"சரி, கன்னடச் சாக்குன்னே வெச்சுக்குவோம்" என்றேன். "பத்து நிமிஷத்துல ஏன் போதும்?"

அவள் கொஞ்ச நேரம் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள். "செஞ்சு வரலைன்னா நான் ஜாணெ இல்லன்னு ஆயிடும். செய்யவே இல்லைன்னா, செஞ்சிருந்தா வந்திருக்கும்னு எல்லாரும் நெனச்சுப்பாங்க."

ஸ்டெல்லாவின் சிரிப்பு நின்றது. யாரோ என் பையில் கைவிட்டு, நாற்பது வருடமாக நான் மடித்து வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் போட்டதுபோல் இருந்தது.

நான் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றேன் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் "குடும்பக் கஷ்டம்" என்பேன். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போனபோது ஸ்டெல்லாவிடமும் அதையே சொன்னேன். உண்மை வேறு. எங்கள் ஊர் ஓராசிரியர் பள்ளியில் நான்தான் முதல். வாத்தியார் வெளியே போனால் வகுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். ஆறாம் வகுப்புக்குத் திருப்பத்தூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் இங்கிலீஷ் வாத்தியார் என்னை எழுப்பி முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னார். எனக்கு எழுத்துதான் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. என்னைவிடச் சின்னவனாக இருந்த ஒருத்தன் பின்பெஞ்சிலிருந்து கடகடவென்று வாசித்தான். வாத்தியார் என்னைத் திட்டக்கூட இல்லை. "உக்காரு, பழகிடும்" என்றார். மூன்றாம் நாள் நான் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புளிமண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் தினமும் அங்கேதான் போனேன். சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, இதைத் தை என்று மண்டிக்காரர் கையில் கோணி ஊசியைக் கொடுத்தார். வீட்டில் விஷயம் தெரிந்தபோது, மாடு பார்க்க ஆள் வேண்டும், அதனால் நின்றுவிடுகிறேன் என்றேன். எங்களிடம் இருந்தது ஒரு மாடு. அதைப் பார்க்க இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் படிக்க வைக்கத்தான் நினைத்தார்.

இதை ஜெனியிடம் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"பதிமூணு வருஷமா இந்த ஆளுக்காகப் பாவப்பட்டிருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. "பந்தியில மொத அப்பளம் இவருக்குத்தான், பாவம் படிக்க முடியாம போச்சேன்னு."

ஜெனி வேறு ஒன்று கேட்டாள். "அந்த ஃபர்ஸ்ட் லெசன் என்னது டாடி?"

"தெரியாது."

"இன்னைக்குவரைக்கும் பாக்கலையா?"

"இல்ல."

"அப்போ அது தமிழ்ச் சாக்கு" என்றாள். ஒரு டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

பிறகு அவளே ஒரு சட்டம் போட்டாள். அழிரப்பரை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். தப்பு தப்பாகவே நோட்டில் இருக்க வேண்டும்; மூன்று தப்பு சேர்ந்த பிறகுதான் அன்றைக்கு சாக்கு என்று சொல்லலாம். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சட்டத்தின் இரண்டாம் பாகம் எனக்கு. அவள் கணக்குப் போடும் நேரத்தில் நான் எதிரில் உட்கார்ந்து கன்னட எழுத்து எழுத வேண்டும். எனக்கும் மூன்று தப்பு. சுருக்குப் போட்ட சணல்போல ஒவ்வோர் எழுத்தும் சுற்றிக்கொண்டு போகிறது. எங்கே முடிச்சு, எங்கே அவிழ்க்க வேண்டும் என்று தெரியவில்லை. என் மூன்று தப்பும் முதல் வரியிலேயே தீர்ந்துவிட்டன. "சாக்கு" என்றேன். அவள் தலையைத் தூக்காமல், "எந்தச் சாக்கு டாடி?" என்றாள். மறுபடி எழுதினேன்.

அவளுடைய கணக்கு இது. எட்டுக்கு எட்டு கட்டம். எதிரெதிரான இரண்டு மூலைக் கட்டங்களை வெட்டி எடுத்தாயிற்று. ஒரு சீட்டு இரண்டு கட்டத்தை மூடும். முப்பத்தொரு சீட்டால் மிச்சம் எல்லாவற்றையும் மூட முடியுமா? செவ்வாய்க்கிழமை நோட்டில் கட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மூன்று தப்பு. புதன்கிழமை ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து சதுரங்கப் பலகையைத் தானே இறக்கினாள். தூசியைத் துடைத்துவிட்டு, "டாடி, ரெண்டு கட்டம் அளவுக்கு முப்பத்தொண்ணு வெட்டிக் குடுங்க" என்றாள். கிடங்கிலிருந்து கொண்டுவந்த கிழிசல் சாக்கில் வெட்டிக் கொடுத்தேன். வெள்ளை மூலைகள் இரண்டிலும் பொத்தான் வைத்து அடைத்துவிட்டு, சாக்குத் துண்டுகளை அடுக்கினாள், கலைத்தாள், அடுக்கினாள். மூன்று தப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை, "எப்பவும் ரெண்டு கட்டம் மிச்சமாகுது. ரெண்டும் கருப்பு" என்று முணுமுணுத்தாள். பிறகு வெகுநேரம் துண்டுகளைத் தொடாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு மூடிவிட்டாள். முடிந்ததா, விட்டுவிட்டாளா? கேட்க எனக்குப் பயம். நான் வாயைத் திறந்தால் எந்தச் சாக்கு வெளியே வரும் என்று எனக்கே நிச்சயமில்லை.

சனிக்கிழமை காக்ஸ் டவுன் வீட்டுக்கு வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மேடம் ஜெனியைக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் ஜெனியின் குரல், தெளிவாக: "ஆகல்ல மேடம்."

ஆகல்ல என்றால் முடியாது. மூன்றாம் நாள் புளிமண்டியின் வாசனை அப்படியே மூக்கில் வந்தது. எழுந்து நின்றேன். உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும், பிள்ளைக்கு வயிற்றுவலி என்றாவது. கதவுவரை போய்விட்டேன். அப்போது மேடம், "யாக்கே?" என்று கேட்டார். ஏன் என்று. ஜெனி சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரு கருப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். வெட்டி எடுத்த மூலை இரண்டும் ஒரே நிறம். அதனால் முப்பது வெள்ளை, முப்பத்திரண்டு கருப்பு. எத்தனை வருடம் அடுக்கினாலும் இரண்டு கருப்பு மிஞ்சும். கணக்குக்கு விடையே முடியாது என்பதுதானாம். ஆனால் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டுமாம். நான் கதவுக்கு வெளியே, சொல்லாமல் போன வயிற்றுவலியோடு நின்றேன்.

மேடம் அவளுடைய நோட்டை வாங்கி, விடை எழுதிய பக்கத்தைத் தாண்டி, தப்புகள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். வெளியே வந்தவர் என்னைக் கதவடியில் பார்த்துத் திகைத்து, தமிழில், "இருக்கட்டும், ஜெனி இங்கயே இருக்கட்டும்" என்றார். "தும்ப தாங்க்ஸ் மேடம்" என்றேன். அந்த முதல் 'சாக்கு' பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எந்தப் பாஷையில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் ஜெனி சாக்குத் துண்டுப் பையை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் வந்தது. "நீங்க வாசிங்க டாடி" என்றாள். நம்பரைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு, முன்னால் ஓடும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஷி. வா. அடுத்தது தலையில் சுழியுள்ள ஜ. ஷிவாஜி. நான் ந-வுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பின்கண்ணாடியில் மிச்ச எழுத்துகள் போய்க்கொண்டிருந்தன.

"அது நம்ம பஸ்தான்" என்றாள்.

"தெரியும். பாதிக்கு மேல வாசிச்சிட்டேன். சாக்கு, இன்னைக்கு ஆட்டோவுல போயிடலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது எந்த ஊர்ச் சொல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் பக்கத்தில் நின்று, அடுத்த பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.